அடி அண்ணாமலைக்குப் போய் வந்த காது

தாய்மாமன் மடி பார்சலில் வராது. பட்டுப் பாவாடை, தங்கத் தோடு, சீர்த்தட்டு எல்லாவற்றையும் அனுப்பி வைக்கலாம். மடியை மட்டும் அதற்குச் சொந்தக்காரனே தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். அதனால்தான் பினாங்கில் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் என் கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். என் தங்கை சுகந்தியின் மகள் கயலுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள்.

கயலுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. காது குத்தத் தாமதம்தான். "காது முதல்ல கேக்கட்டும், அப்பால குத்திக்கலாம்" என்று அவள் அப்பா செந்தில் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அரசுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்து உள்காதில் ஒரு கருவி வைத்தார்கள். அன்றைக்கு அறுவை அரங்கின் வாசலில் நின்று சுகந்தி வேண்டிக்கொண்டதுதான் இந்த மொட்டை.

கயலை நான் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை திரையில் தோன்றிக் கையை ஆட்டுவேன், மூக்கைச் சுருக்குவேன், கண்ணை உருட்டுவேன். அவள் சிரிப்பாள். பேசியது கிடையாது. கேட்காத பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது என்று ஆரம்பத்தில் நினைத்தேன். கருவி வைத்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

நான் வந்து இறங்கிய நாள் பௌர்ணமி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன். பேருந்தை ஊருக்கு வெகு முன்பாகவே ஒரு பொட்டல் வெளியில் நிறுத்தி, "அவ்ளோதான், எல்லாம் எறங்குங்க" என்றார் நடத்துநர். பினாங்கில் தைப்பூசத்துக்கு இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வருடத்துக்கு ஒருநாள். இந்த ஊர்க்காரர்கள் மாதாமாதம் தைப்பூசம் நடத்துகிறார்கள்.

வெறுங்காலோடு நடக்கும் ஜனங்களுக்கு நடுவே சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய பாவம் என்பது சீக்கிரமே விளங்கியது. "பெட்டியத் தலைல வெச்சிக்கங்க சார், கால்ல ஏறுது" என்றார் ஒருவர். தலையில் வைக்கத் தூக்கியபோது ஒரு சக்கரம் கழன்று, கூட்டத்தின் கால்களுக்கிடையே உருண்டு ஓடிவிட்டது. அதுவும் வலம் போய்விட்டது என்று விட்டுவிட்டேன்.

ஒருவழியாக ஓர் ஆட்டோ கிடைத்தது. "கிரிவலமா சார்?" என்றார் ஓட்டுநர். "காது குத்து" என்றேன். "அப்ப நீங்கதான் மாமனா?" என்று கேட்டுவிட்டு, சந்து சந்தாகப் புகுந்து செங்கம் சாலையில் கொண்டுபோய் இறக்கினார். வழியெல்லாம் தன் அக்கா மகளுக்குக் காது குத்திய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். திரும்புகிற அன்றும் அவரையே வரச் சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

செந்தில் அந்தச் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களை நம்பி ஒரு சிறிய கஃபே நடத்துகிறார். வீடு அதன் பின்கட்டில் இருக்கிறது. பசியோடு உட்கார்ந்த எனக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானாயிற்றே என்று, வாட்டிய ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தை மசித்துப் பூசிக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரர் இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய தட்டையே பார்த்தேன். இட்லிக்காக நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

சுகந்தி பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். இப்போது "காரம் ஜாஸ்தியா, கம்மியாண்ணே?" என்று கேட்கிற அளவுக்கு இந்த ஊர்க்காரியாகிவிட்டாள். அவள் கூப்பிட்டதும் கயல் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். வழக்கம்போல மூக்கைச் சுருக்கிக் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், என் சட்டைப்பையில் இருந்த கைபேசியைப் பார்த்தாள். பிறகு கைபேசியைக் காட்டி, "மாமா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைபேசியைக் காட்டி 'மாமா, மாமா' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொருளுக்கே அதுதான் பெயர் என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். பிள்ளைமேல் தப்பில்லை. உள்ளுக்குள் எனக்கு வலிக்கத்தான் செய்தது.

அன்று மாலை முழுவதும் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. வலது காதின் பின்னால் சின்னக் கொக்கிபோல ஒரு கருவி. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் முனையில் வட்டமாக ஒரு வில்லை. அந்த வில்லை தலையில் தானாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தோலுக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். காதிலிருக்கும் ஒலிவாங்கி சத்தத்தைப் பிடித்து, வில்லை வழியாகத் தோலைத் தாண்டி அனுப்புகிறது. உள்ளே இருக்கும் கருவி அதை வாங்கி, நத்தைக்கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் உள்காதுக்குள் செருகிய மெல்லிய இழை வழியாக நரம்புக்குக் கொடுக்கிறது. முப்பது வருடமாக நான் வானொலிப் பெட்டிக்குச் செய்துவந்த வேலை. அதை ஒரு பிள்ளையின் தலைக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"வில்லை கழண்டா இந்த வெளக்கு ஆரஞ்சுல மினுக்கும் மச்சான்" என்று செந்தில் கழற்றிக் காட்டினார். "வெளையாடறப்ப எங்கயாவது விழுந்தாக்கூட கண்டுபிடிச்சிடலாம்." கழற்றிய அந்த ஒரு நிமிடத்தில் கயலின் முகத்திலிருந்து கவனம் கலைந்து போனதை நான் பார்த்தேன். மாட்டியதும் திரும்பி வந்தது.

மறுநாள் காலை அவளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். ஊருக்குள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையின் மாடியில் அது நடக்கிறது. காத்திருந்த நேரத்தில் எனக்கு நல்ல பேச்சுத்துணை கிடைத்தது. இந்த ஊரில் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், உடம்பின் வரலாறு முழுவதும் வந்துவிடும்.

ஒருவர் பேருந்து நடத்துநர். வருடக்கணக்காக மூக்கடைப்பு. "மூக்கு வழியாவே கேமராவ வுட்டு சுத்தம் பண்ணிட்டாங்க சார். மூஞ்சில ஒரு கீறல் இல்ல. அப்பால அதை டிவில போட்டுக் காட்னாரு டாக்டரு. என் மூக்குக்குள்ள அவ்ளோ எடம் இருக்குதுன்னு எனக்கே தெரியாது" என்றார். எதிரில் ஒரு பூக்கார அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மல்லிகை வாசனை தெரிகிறதே என்று நடத்துநருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சை இழுத்தார்.

"எனக்கு மாத்திரையே குடுக்கலங்க" என்றார் அந்த அம்மா. அவருக்குத் தலைசுற்றல். உள்காதில் இருக்கும் பொடிக் கற்கள் இடம் மாறிவிட்டனவாம். மருத்துவர் தலையை ஒரு பக்கம் திருப்பி, படுக்க வைத்து, மறுபக்கம் புரட்டி, தூக்கி உட்கார வைத்திருக்கிறார். இரண்டு முறை செய்ததும் சுற்றல் நின்றுவிட்டது. "ஊரே மலையச் சுத்துது. எனக்கு மட்டும் மலை என்னையச் சுத்திக்கினு இருந்துச்சு" என்றார்.

எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. சீழ் வடியும் காதோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவர். காதின் பின்னால் கிழித்து, தலைப்பாகை மாதிரிக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை. இப்போது காதுத் துளை வழியாகவே கேமராவை விட்டு, கிழிந்த செவிப்பறையை ஒட்டுகிறார்களாம். அப்பா நாற்பது வருடம் முந்திக்கொண்டுவிட்டார்.

பயிற்சி தரும் ரேவதி சின்ன வயதுப் பெண். கயலுக்குப் பக்கத்தில், அவள் கண்ணில் படாதபடி உட்கார்ந்துகொண்டு "ஆ" என்றார். கயல் ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். "ஈ." ஒரு மணி. "ஊ." ஒரு மணி. "ம்ம்." கொஞ்சம் யோசித்து ஒரு மணி. "ஷ்", "ஸ்" என்ற காற்றுச் சத்தங்களுக்கும் போட்டாள். ஆறு ஒலியும் கேட்டால் பேச்சு முழுவதும் காதில் விழுகிறது என்று அர்த்தமாம். ஒலிபெருக்கியைச் சோதிக்க நான் "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒவ்வொரு மணிக்கும் நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ரேவதி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மாமாங்களா? வந்ததுலருந்து ஒரு வார்த்தகூட நீங்க அவகிட்டப் பேசலைங்க."

"இல்ல, எங்களுக்குள்ள இப்படித்தான்..."

"சைகை தப்புன்னு நான் சொல்லலைங்க. சைகையும் பேச்சுதான். ஆனா இப்ப அவ காதுக்கு வேலை குடுக்கணும். மொகத்தப் பாத்தே புரிஞ்சிடுச்சின்னா காது எதுக்கு ஒழைக்கணும்? நீங்க கையக் கட்டிக்கினு பேசுங்க."

கையைக் கட்டிக்கொண்டேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் திடீரென்று பாடச் சொன்னால் முழிப்பதுபோல முழித்தேன்.

கயலுக்கு இப்போது தனித்தனி வார்த்தைகள் வருகின்றன. அம்மா, பால், தா, போ, பஸ். ஆனால் பல மாதங்களாக அங்கேயே நிற்கிறாள். "ரெண்டு வார்த்தைய எப்ப ஒண்ணா சேக்கறாளோ, அன்னிக்குத்தாங்க கதவு தொறக்கும்" என்றார் ரேவதி. "மூளை பேச்சக் கத்துக்கற வயசு இது. முழிச்சிருக்கற நேரமெல்லாம் கருவி காதுல இருக்கணும். தொலைச்சிடாதீங்க. வேற ஒண்ணு எழுதிப் போட்டு வாங்கறதுக்கு மாசக்கணக்குல ஆகும். இவளுக்கு அந்த மாசங்க திரும்பி வராது."

மொட்டை என்றதும் ஒரு பட்டியலே தந்தார். தோலுக்குள் கருவி இருக்கும் மேட்டில் கத்தி அழுத்தக்கூடாது. முடி போனதும் காந்தம் ஜாஸ்தியாக இழுக்கும், தோல் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். வில்லை ஒட்டும் இடத்தில் சந்தனம் கூடாது. செந்தில் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

படி இறங்கும்போது சுகந்தி சொன்னாள், முதன்முதலில் போன மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "சொந்தத்துல கல்யாணமா?" என்றுதானாம். செந்தில் எங்கள் தாய்மாமன் மகன். அப்பா போன பிறகு, தெரிந்த இடமாயிற்றே என்று இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் நான். சொந்தத்தில் செய்யாதவர்களுக்கும் இப்படிப் பிறப்பதுண்டு, இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த மருத்துவரே பிறகு சொல்லியிருக்கிறார். சுகந்தி அதை என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எனக்கு மனம் தேறவில்லை. அன்று மதியம் இட்லி கிடைத்தும் இரண்டோடு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விசேஷம். காலையில் கோயிலுக்குப் பக்கத்தில் மொட்டை. நாவிதர் பெரியவர், தலையை நனைத்துத் தடவியதும் கையை நிறுத்தினார். "இங்க என்னமோ மேடா இருக்குதுங்களே." செந்தில் விளக்கினார். அந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு சுற்றிலும் வழித்தார் அவர். கடைசியில் மூச்சைப் பிடித்தபடி, மேட்டின்மேல் கத்தியைப் படியவிட்டு எடுத்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூச்சு விட்டோம். சுகந்தி சந்தனம் பூசியபோது சின்னத் தட்டை அளவுக்கு ஒரு வட்டத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

அங்கிருந்து பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய மண்டபத்துக்கு வந்தோம். ஈரத்தலை காயட்டும் என்று கருவியை இன்னும் மாட்டவில்லை. செந்தில் அதைச் சின்ன ஜிப் உறையில் போட்டு, "நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டு மச்சான், கையிலயே வெச்சிக்கங்க" என்று என்னிடம் தந்தார். கையிலேயே வைத்துக்கொண்டேன், ஆசாரி வரும் வரை.

தாய்மாமன் சட்டையில்லாமல், பட்டு வேட்டியும் துண்டுமாகத்தான் உட்கார வேண்டுமாம். எனக்கு வேட்டி பழக்கமில்லை. அதில் பை கிடையாது. மடியில் செருகினால் வேட்டியே கையோடு வந்துவிடும்போல இருந்தது. "புள்ள ரெண்டு கையையும் கெட்டியாப் புடிச்சிக்கங்க" என்றார் ஆசாரி. என் வலப்பக்கம் ஒரு பெரிய தாம்பாளம் இருந்தது. வெற்றிலை அடுக்கும் பாக்குப் பொட்டலங்களும் இருந்தன. ஜிப் உறையை அதில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கைகளைப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் என் பழைய வித்தைதான் உதவியது. அவளுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் மூக்கைச் சுருக்கினேன், கண்ணை உருட்டினேன், கன்னத்தை ஊதினேன். முதல் காது குத்தியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் ஒரு வீறல். உடனே எல்லோரும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு மாலை போட்டார்கள், நான் அவளுக்குச் சங்கிலி போட்டேன். பிறகு சாப்பாடு. வடை, பாயசம், வத்தக்குழம்பு, கெட்டித் தயிர். இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன் என்பதை இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

கயல் அழுத களைப்பில் அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள். அதனால் யாரும் கருவியைத் தேடவில்லை. விருந்தினர்கள் ஆளுக்கொரு தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். மண்டபம் காலியான பிறகு சுகந்தி வந்து கையை நீட்டினாள்.

"அண்ணே, அத குடுங்க."

தாம்பாளத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

தாம்பூலப் பை போட்ட அம்மா பதறிப் போனார். "பாக்குப் பொட்டலம்னு நெனச்சி ஏதோ ஒரு பையில போட்டுட்டேங்க. எல்லாம் ஒரே மாதிரிதான இருந்துச்சி." அவர்மேல் என்ன குற்றம்? ஒரு தேங்காய், ஒரு வாழைப்பழம், இரண்டு வெற்றிலை, ஒரு பொட்டலம். நூற்றுக்கு மேல் மஞ்சள் பைகள் நாலா திசையிலும் போய்விட்டன. அதில் ஒன்றில் என் மருமகளின் காது இருக்கிறது.

சுகந்தி என்னைத் திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தூங்கும் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். 'அந்த மாசங்க திரும்பி வராது' என்று ரேவதி சொன்னதே எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. சம்பந்தம் பேசியவனும் நான், கருவியைத் தொலைத்தவனும் நான். செத்துவிடலாம் போலிருந்தது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை.

செந்தில் ஒவ்வொருவரையாகக் கைபேசியில் அழைத்தார். ஊரெல்லாம் தாம்பூலப் பைகளைக் கவிழ்த்தார்கள். தையற்காரர் பஷீர் பாய் பையை உதறிப் பார்த்தது போதாதென்று தேங்காயையும் உடைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். போளூர் போகும் பேருந்தில் ஏறிவிட்ட ஒரு குடும்பம் பேருந்துக்குள்ளேயே வெற்றிலையைப் பிரித்துப் போட்டது. எங்கும் இல்லை. கடைசியில் ஒரே ஒருவர்தான் மிச்சம். கஃபேக்குத் தினமும் பால் ஊற்றும் பச்சையம்மா. அடி அண்ணாமலைக்காரர். அவருடைய கைபேசி அணைந்திருந்தது.

செந்திலும் நானும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் அதே பட்டு வேட்டியில் இருந்தேன், மேலே மட்டும் ஒரு சட்டை. அடி அண்ணாமலை கிரிவலப் பாதையிலேயே, மலைக்குப் பின்பக்கமாக இருக்கிற ஊர். பச்சையம்மாவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அது அப்பவே கெளம்பிடுச்சிங்களே. புள்ள காது, புள்ள காதுன்னு சொல்லிக்கினே போச்சு."

எனக்கு உயிர் வந்தது. "நாங்க அந்த வழியாத்தான வர்றோம், எதிர்ல காணோமே?" என்றார் செந்தில்.

"எதிர்ல எப்டிங்க வரும்? சாமி சுத்தற பக்கமாதான் போச்சு."

நாங்கள் வந்த வழியே திரும்பி நடந்தால் பச்சையம்மாவுக்குச் செங்கம் சாலை கிட்டத்தில். ஆனால் மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவதுதான் முறை. அந்த அம்மா ஊர்ப்பக்கமாக நீளச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறார். செந்தில் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை முன்னால் விட்டார்.

பௌர்ணமி முடிந்தும் பாதையில் ஆட்கள் குறையவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணையும் உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு ஊராக இருந்தால் உதை கிடைத்திருக்கும். பாதிப் பேர் கையில் மஞ்சள் பை. இரண்டு பேரை நிறுத்தி, "உங்க பையில காது இருக்கா?" என்றும் கேட்டுவிட்டேன். அவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அப்புறம் வண்டி பஞ்சர்.

பஞ்சர் கடை இன்னும் தொலைவு என்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"செந்திலு, வண்டியத் தள்ளிக்கினு எங்க போற?"

பச்சையம்மா. எங்கேயோ அவரைத் தாண்டி வந்திருக்கிறோம். கையில் பை இல்லை. அதனால்தான் கண்ணில் படவில்லை. முந்தானை முனையில் ஒரு முடிச்சு. புடவைத் துணிக்குள்ளிருந்து ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"வெத்தலைய எடுக்கலாம்னு வூட்டு இருட்டுல பையத் தொறந்தா மினுக்கு மினுக்குன்னுது. பயந்து ஒதறிட்டேன். அப்பால பாத்தா, நம்ம கயலு காதுல தெனம் பாக்கறது. போன்ல சார்ஜி இல்ல. புள்ளைக்கு எப்டிடா கேக்கும்னு நடக்க ஆரம்பிச்சிட்டேன்."

"அப்டியே இந்தாண்ட திரும்பி வந்திருந்தா சீக்கிரம் வந்திருக்கலாமே அத்தை" என்றார் செந்தில்.

பச்சையம்மா நின்றுவிட்டார். "மலைய எடமா சுத்தச் சொல்றியா? அதுவும் புள்ள காத முடிஞ்சிக்கினு?"

நான் சாலையிலேயே அவரைக் கும்பிட்டேன். சட்டை போட்ட மாமனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாருப்பா இது, அழுவறாரு" என்று செந்திலிடம் கேட்டார்.

வண்டியைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு மூவரும் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். கயல் விழித்திருந்தாள். மொட்டைத் தலையும் வீங்கிய காதுமாகத் தரையில் உட்கார்ந்து, மீந்த வேர்க்கடலையை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பச்சையம்மா முடிச்சை அவிழ்த்து அவள்முன் நீட்டினார். கயல் எடுத்தாள், தானே காதில் கொக்கியை மாட்டினாள். சந்தனம் இல்லாத வட்டத்துக்கு வில்லையைக் கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

முதலில் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள். அதன் கிரீச் சத்தம் எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். சுகந்தி ஏதோ பேசிக்கொண்டே அழுதாள். நான் கயலுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ம்ம்" என்றேன். பக்கத்தில் இருந்த டம்ளரில் ஒரு கடலை விழுந்தது. "ஆ", "ஈ", "ஊ". மூன்று கடலை. "ஷ்". ஒன்று. "ஸ்" என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அதற்கும் ஒரு கடலை விழுந்தது.

அன்று தூங்கப் போகும்வரை நான் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். பினாங்கில் என் கடை, கடைக்கு எதிரே கோப்பிக்கடை, தொலைந்த பெட்டிச் சக்கரம், பச்சையம்மாவின் முந்தானை. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் நிறுத்தினால் திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அந்த முதல்நாள் ஆட்டோக்காரரே வந்தார். சக்கரம் போன பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கயல் எனக்கு முதுகைக் காட்டியபடி தெருவில் நின்று ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தால் பழக்கத்தில் கையை ஆட்டிவிடுவேன். அதனால் வைக்கவில்லை. சத்தம் போடாமல், வீட்டுக்குள் ஒருவரைக் கூப்பிடுகிற குரலில், "கயல், மாமா கிளம்பறேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். பெட்டியைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்த்தாள். என் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா போ."

வாசற்படியில் சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கஃபேக்குள்ளிருந்து செந்தில் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னா சொன்னா? ரெண்டா சொன்னா?" இரண்டு வார்த்தைதான். சேர்த்துத்தான் சொன்னாள். இதற்கு முன்னால் என்னைப் பல பேர் போகச் சொல்லியிருக்கிறார்கள், ஒருமுறைகூட இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

நான் நகரவில்லை. "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றேன். எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கிட்டத்தில் வந்து, இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னாள்.

"மாமா போ."

"அதான் புள்ளயே சொல்லிடுச்சே" என்றார் ஆட்டோக்காரர். "ஏறுங்க சார்."